5000 ராட்னா எத்தனை கிரே? அம்மாவோட பழைய கோபால்ட் கார்டு பத்தி கேட்டவருக்கு

உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். கடலூர்லேர்ந்து எழுதியிருக்கீங்க, அம்மாவுக்கு 1988ல கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கு கோபால்ட் மிஷின்ல கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வச்சிருக்காங்க, அந்த கார்ட பத்திரமா வச்சிருக்கீங்க, அதுல கையெழுத்துல "5000 ஆர்", பக்கத்துல ஹேஷ் குறி போட்டு 25ன்னு இருக்கு. இப்ப 36 வருஷம் கழிச்சு மலக்குடல் பக்கம் புதுசா ஒரு கட்டி தெரியுதுன்னு பாண்டில காட்டறீங்க, அங்க டாக்டர் "பழைய டோஸ் கிரேல எவ்ளோ"ன்னு கேட்டிருக்கார், கிரேங்கறது உடம்பு உறிஞ்சின கதிர்வீச்ச அளக்கற இப்போதைய யூனிட், ராட் அதுக்கு முன்னாடி இருந்த பழைய யூனிட். நெட்ல தேடினா ஒரு இடத்துல 50 கிரேன்னு வருது, இன்னொரு இடத்துல 50 கிரேன்னா 50 சீவர்ட், 4 சீவர்ட் வாங்கினாலே ஆள் பிழைக்கறது கஷ்டம்னு போட்டிருக்கான். அப்ப அம்மா கார்டு தப்பா, இல்ல அந்த காலத்துல நூறு மடங்கு அதிகமா வச்சிட்டாங்களான்னு பயந்து கேக்கறீங்க. கூடவே சிப்காட்ல வெல்டிங் ஜாயிண்ட்டுக்கு எக்ஸ்ரே எடுக்கற வேலைல இருக்கற மச்சானோட மீட்டர பத்தியும் ஒரு வரி. ஆக, யூனிட்ட எப்படி மாத்தறதுங்கறது மேலோட்டமான கேள்விதான், உள்ள இருக்கற கேள்வி "அம்மா உடம்புக்குள்ள அன்னைக்கு நிஜமா எவ்ளோ போச்சு"ங்கறது. முதல் கேள்விக்கு ஒரு வரில பதில் சொல்லிடலாம், ரெண்டாவதுக்குதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல கதிர்வீச்சு சிகிச்சை பிரிவுல பிசிசிஸ்டா இருந்து ரிட்டயர் ஆனவன், டாக்டர் இல்ல. டோஸ் கணக்கு போடறது, மிஷின் சரியா குடுக்குதான்னு அளக்கறது, இதுதான் என் வேலை. அம்மாவுக்கு மறுபடி கரண்ட் வைக்கலாமா கூடாதாங்கறது என் வரம்புல வராது, அத பத்தி ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன்.

முதல்ல ஒரு வரி பதில்: 100 ராட் ஒரு கிரே. 5000 ராட்னா 50 கிரே. இதுல சந்தேகமே கிடையாது, தோராயமும் இல்ல, வரையறையே அப்படித்தான். ஒரு கிலோ பொருள் ஒரு ஜூல் எனர்ஜிய உறிஞ்சினா அது ஒரு கிரே. ராட்ங்கறது ஒரு கிராம்ல 100 எர்க். எர்க் ரொம்ப பொடி, ஒரு கோடி எர்க் சேந்தாதான் ஒரு ஜூல், அந்த கணக்கு போட்டு பாத்தா ஒரு ராட் கரெக்டா 0.01 கிரேல வந்து நிக்கும். அதனால எண்ணு 5000லேர்ந்து 50 ஆனது டோஸ் குறைஞ்சதால இல்ல, காசுல எண்ணினத ரூபாயில எண்றோம், அவ்ளோதான். இப்பவும் அதே நோய்க்கு வெளிலேர்ந்து வைக்கற கரண்ட் 45லேர்ந்து 50 கிரேதான், 25 தடவையா, திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் தினம் ஒண்ணா அஞ்சு வாரம். அந்த ஹேஷ் குறி போட்ட 25 இருக்கே, அது ஃப்ராக்ஷன், அதாவது எத்தனை தடவையா பிரிச்சு குடுத்தாங்கங்கறது. ஆக அம்மாவுக்கு தினம் 200 ராட், இன்னைக்கு கணக்குல 2 கிரே. நூறு மடங்கும் இல்ல ஒண்ணும் இல்ல, அந்த பயத்த இப்பவே விட்டுடுங்க.

நடுவுல சென்டிகிரேன்னு ஒண்ண பாத்திருப்பீங்க, அதுக்கும் ஒரு கதை இருக்கு. ராட் 1953ல வந்தது, கிரே 1975ல வந்தது, ஹரால்ட் கிரேங்கற இங்கிலாந்து பிசிசிஸ்ட் பேர்ல. ஆனா கமிட்டி ஒரு வருஷத்துல தீர்மானம் போட்டுடும், ஆஸ்பத்திரில ஆளுங்க மாற எத்தனையோ வருஷம் ஆகும். தினம் 200, 200ன்னு எழுதி பழகின கை திடீர்னு 2ன்னு எழுத கூசும், புள்ளி ஒரு இடம் தள்ளிட்டா என்ன ஆகும்னு பயம் வேற, அந்த பயம் நியாயமானதுதான். அதனால ஒரு தந்திரம் பண்ணாங்க. கிரேய நூறா பிரிச்சா சென்டிகிரே, ஒரு சென்டிகிரே அச்சு அசல் ஒரு ராட், எண்ண மாத்தவே வேணாம், பேர மட்டும் மாத்தினா போதும். இன்னைக்கும் நிறைய பிளானிங் கம்ப்யூட்டர்ல சென்டிகிரேதான் ஓடுது. சீனியருங்க பாதி பேர் வாயில கடைசி வரைக்கும் ராட்தான். நானே ரிட்டயர் ஆகற வரைக்கும் "எரநூறு ராட் போயிடுச்சா"ன்னுதான் டெக்னீஷியன கேப்பேன்.

இப்ப சந்தேகமான இடம். உங்க கார்டுல ராட்னு எழுதல, "ஆர்"னு எழுதியிருக்கு. அந்த ஒரு எழுத்துக்கு ரெண்டு அர்த்தம் உண்டு, ஒண்ணு ராட், இன்னொண்ணு ராண்ட்ஜன். நிலம் வாங்கறவங்களுக்கு இது சட்டுனு புரியும், பாண்டில ஒருத்தர் குழின்னு சொல்றதும் தஞ்சாவூர் பக்கம் ஒருத்தர் குழின்னு சொல்றதும் ஒரே அளவு கிடையாது, வார்த்தை ஒண்ணா இருக்கேன்னு பணத்த குடுத்துட்டா போச்சு. ராண்ட்ஜன்ங்கறது இதுல எல்லாத்துக்கும் மூத்தது, 1928ல ஸ்டாக்ஹோம் மாநாட்டுல வச்சது. அது உடம்பு எவ்ளோ உறிஞ்சிச்சுன்னே சொல்லாது, அங்க இருக்கற காத்துல எவ்ளோ மின்னூட்டம் உண்டாச்சுன்னுதான் சொல்லும். ஒரு கிலோ காத்துல 0.000258 கூலும் உண்டானா ஒரு ராண்ட்ஜன். மழை எவ்ளோ பெஞ்சதுன்னு அளக்கறதும், மண்ணு எவ்ளோ குடிச்சதுன்னு அளக்கறதும் வேற வேற இல்லையா, மொட்ட மாடில வச்ச பாத்திரத்துல ரெண்டு அங்குலம் நின்னா மணல்ல ஒரு மாதிரி இறங்கும், களிமண்ல வேற மாதிரி இறங்கும். அதே போல ஒரு ராண்ட்ஜன் காத்துல 0.876 ராட், சதைல கோபால்ட் கதிருக்கு சுமார் 0.96 ராட். எலும்புல எனர்ஜிய பொறுத்து ரொம்பவே மாறும், குறைஞ்ச எனர்ஜி எக்ஸ்ரேல எலும்பு சதைய விட மூணு நாலு மடங்கு கூட உறிஞ்சும். எக்ஸ்ரே படத்துல எலும்பு வெள்ளையா தெரியறதுக்கு காரணமே அதுதான். ஆக ராட்லேர்ந்து கிரே போறதுக்கு ஒரே விதி, நூறால வகுங்க. ராண்ட்ஜன்லேர்ந்து கிரே போறதுக்கு ஒரே விதின்னு எதுவும் கிடையாது, எந்த பொருள், எந்த எனர்ஜின்னு கேட்டுட்டுதான் போகணும். நெட்ல இருக்கற கன்வர்ட்டர் சைட்டுங்க நிறைய இத ஒண்ணும் கேக்காம ஒரு பெட்டில போட்டு இன்னொரு பெட்டில கொட்டிடும்.

உங்க அம்மா கேஸ்ல இது எவ்ளோ பெரிய விஷயம்னா, உண்மைய சொல்லணும்னா சின்ன விஷயம். 1988ல கோபால்ட் சிகிச்சை கார்டுல எழுதின ஆர் ராட்டாதான் இருக்கும், அப்ப கோர்ஸ் டோஸ ராண்ட்ஜன்ல எழுதற பழக்கம் போயே போச்சு. அப்படியே ராண்ட்ஜன்னு வச்சுகிட்டாலும் 5000 ராண்ட்ஜன் சதைல 48 கிரே வரும். 50க்கும் 48க்கும் நடுவுலதான் இந்த ஆர் குழப்பம் மொத்தமும் அடங்கிடுது, இத வச்சு எந்த டாக்டர் முடிவும் மாறாது.

ஆனா நான் இத அலட்சியமா சொல்லலைங்க, இதே ஆர்ல நான் ஒரு தடவ மாட்டியிருக்கேன். ட்ரெய்னிங்ல இருந்த நேரம், எந்த ஆஸ்பத்திரின்னு வேணாம். கோபால்ட் ரூமுக்கு வெளிய கன்சோல் பக்கத்துல சுவத்துல ஒரு தாள் ஒட்டியிருப்பாங்க, எந்த ஃபீல்டு சைஸுக்கு, அதாவது கதிர் விழற கட்டத்தோட அளவுக்கு, நிமிஷத்துக்கு எவ்ளோ டோஸ்னு. கோபால்ட் மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் செத்துகிட்டே வரும், அதோட பாதி ஆயுள் 5.27 வருஷம், அதனால மாசா மாசம் ஒண்ணாம் தேதி தாள கிழிச்சிட்டு புதுசு ஒட்டணும். அன்னைக்கு புது தாள் வரல, நானே கணக்கு போட்டு எழுதறேன்னு பெரிய ஆளு மாதிரி பழைய அளவு ரிப்போர்ட்ட எடுத்து போட்டேன், அந்த ரிப்போர்ட் காத்துல அளந்த ராண்ட்ஜன் கணக்கு, நான் அத ராட்னு எடுத்துகிட்டேன். தாள்ல இருக்கற எண்ணு நிஜத்த விட நாலு சதவீதம் கூட, அப்ப அத நம்பி போடற நேரம் நாலு சதவீதம் குறைவா போயிருக்கும். என் சீனியர் தாள பாத்தார், ஒண்ணும் திட்டல, சிவப்பு பேனாவ எடுத்து மேல இருந்த ஆர சுத்தி ஒரு வட்டம் போட்டு "இது யாரு"ன்னு கேட்டார். அன்னைக்கு நோயாளி யாரும் உள்ள போகறதுக்கு முன்னாடியே பிடிபட்டுச்சு. அப்புறம் அவரே உக்கார வச்சு இன்னொண்ணும் சொன்னார், அந்த டைமர்ல 1.50ன்னா ஒரு நிமிஷம் அம்பது செகண்ட் இல்ல, ஒண்ணரை நிமிஷம், புள்ளிக்கு அப்புறம் இருக்கறது நிமிஷத்துல நூறுல ஒரு பாகம். யூனிட்டுங்கறது எண்ணுக்கு பின்னாடி ஒட்டற வாலுன்னு அதுவரைக்கும் நெனச்சிகிட்டு இருந்தேன்.

சரி, 4 சீவர்ட் விஷயத்துக்கு வரேன், உங்கள ரொம்ப பயமுறுத்தினது அதுதான். ரெண்டு தனித்தனி குழப்பம் அதுல பின்னிகிட்டு இருக்கு. ஒண்ணு, சீவர்ட் கிரேயோட இன்னொரு பேர் இல்ல. கிரே எனர்ஜிய மட்டும் சொல்லும். சீவர்ட் 1979ல வந்தது, அந்த எனர்ஜி எந்த வகை கதிரால வந்தது, எவ்ளோ கெடுதல் பண்ணும்னு ஒரு எடை போட்டு சொல்றது. எக்ஸ்ரே, காமா, பீட்டாக்கு எடை 1, ஆல்ஃபாக்கு 20. கோபால்ட்லேர்ந்து வரது காமா, எடை 1, அதனால எண்ணு ஒண்ணா வந்துடுது, அத பாத்துட்டுதான் அந்த சைட்டுக்காரன் 50 கிரேன்னா 50 சீவர்ட்னு போட்டான். எண்ணு ஒத்துப்போகுது, அர்த்தம் ஒத்துப்போகல. சீவர்ட்ட உண்டாக்கினதே குறைஞ்ச டோஸ்ல வேலை பாக்கறவங்களுக்கு, ஸ்கேன் எடுக்கறவங்களுக்கு பிற்காலத்துல வரக்கூடிய அபாயத்த கணக்கு பண்ண. சிகிச்சை டோஸ யாரும் சீவர்ட்ல எழுத மாட்டாங்க, எழுதவும் கூடாது. சீவர்ட்டோட பழைய பேர் ரெம், 100 ரெம் ஒரு சீவர்ட், இதுவும் அதே நூறுதான். அமெரிக்காக்காரங்க இன்னும் ரெம், மில்லிரெம்ல பேசுவாங்க, அவங்க எழுதினத படிச்சா ஒரு மில்லிசீவர்ட் 100 மில்லிரெம்னு ஞாபகம் வச்சுக்குங்க.

ரெண்டாவது குழப்பம்தான் பெருசு. 4 கிரே ஆள கொல்லும்ங்கறது உண்மைதான், ஆனா அது உச்சந்தலைலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் முழு உடம்புக்கும் ஒரே நேரத்துல விழுந்தா, அதுவும் சிகிச்சை எதுவும் இல்லாம இருந்தா பாதி பேர் பிழைக்க மாட்டாங்கங்கற கணக்கு. முதல்ல அடி வாங்கறது எலும்பு மஜ்ஜை. அம்மாவுக்கு குடுத்தது அடிவயித்துல ஒரு கட்டத்துக்குள்ள, ஒரு சாண் அகலம் இருக்கும், அதுவும் 25 நாளா பிரிச்சு. ஒவ்வொரு நாளும் 2 கிரே விழுந்ததும் நல்ல செல்லுங்க ராத்திரில தன்ன தானே ரிப்பேர் பண்ணிக்கும், புற்று செல்லு அவ்ளோ நல்லா பண்ணிக்காது, அந்த வித்தியாசத்துலதான் இந்த வைத்தியம் மொத்தமும் நிக்குது. முழு ஒரு குடம் தண்ணிய ஒரே மூச்சுல குடின்னா செத்துடுவோம், அதையே பத்து நாள்ல குடிச்சா தாகம் தீரும். கிரேங்கறது ஒரு கிலோவுக்கு இவ்ளோன்னு சொல்ற அளவு, எத்தனை கிலோவுக்கு விழுந்ததுன்னு அது சொல்லாது. 50 கிரேன்னு கேட்டதும் எங்க, எவ்ளோ இடத்துல, எத்தனை நாள்லன்னு கூட கேக்கணும்.

இதுல ஒரு வேடிக்கை சொல்றேன், புதுசா சேர்ற பசங்களுக்கு முதல் நாள் நான் இதத்தான் சொல்லுவேன். 60 கிலோ ஆளுக்கு முழு உடம்புல 4 கிரேன்னா மொத்தம் 240 ஜூல். உடம்பு சூடு இதால ஏர்றது ஒரு டிகிரில ஆயிரத்துல ஒரு பங்கு. காபிக்கடைல ஆத்தி குடுக்கற காபி 60 டிகிரி இருந்தா, அதுல அரை ஸ்பூன் வாயில ஊத்திகிட்டா அதே 240 ஜூல் உள்ள போயிடும். அரை ஸ்பூன் காபிங்க! எனர்ஜி கணக்குல ஒண்ணுமே இல்ல, ஆனா இது சூடா பரவறதில்ல, பொடி பொடியா குண்டு மாதிரி போயி எலக்ட்ரான பிச்சு எடுத்து டிஎன்ஏ இழைய அறுக்குது. அதனாலதான் டோஸ தெர்மாமீட்டர் வச்சு பிடிக்க முடியாம, காத்துல உண்டாகற மின்னூட்டத்த அளந்து கணக்கு பண்ற சேம்பர வச்சுகிட்டு நாங்க மாரடிச்சோம்.

இப்ப உங்க கார்டுல நான் நிஜமா கவலைப்படற இடம். 5000ங்கற எண்ணு எந்த இடத்துக்கான எண்ணு? கோபால்ட் கதிர் தோலுக்கு அரை சென்டிமீட்டர் கீழ உச்சத்துல இருக்கும், அதுக்கப்புறம் உள்ள போக போக குறைஞ்சிகிட்டே வரும். அடிவயித்துல முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் வைப்பாங்க, 20 சென்டிமீட்டர் தடிமன் இருந்தா நடுவுல, அதாவது 10 சென்டிமீட்டர் ஆழத்துல, ஒரு பக்கத்து கதிரோட பலம் உச்சத்துல 60 சதவீதத்துக்கும் கொஞ்சம் கம்மிதான். பழைய கார்டுங்கள்ல சிலது கட்டி இருக்கற ஆழத்துல விழுந்த டோஸ எழுதும், அத டிடின்னு போடுவாங்க, ட்யூமர் டோஸ். சிலது மேல குடுத்த டோஸ எழுதும், ஜிடி, கிவன் டோஸ். தினம் முன்னாடி 100, பின்னாடி 100ன்னு எழுதியிருந்து அது ஜிடியா இருந்தா, நடுவுல போனது 200 இல்ல, 116, 118 அந்த மாதிரிதான் இருக்கும். அப்ப மொத்தம் 50 கிரே இல்ல, 29 பக்கம் வந்துடும். பாத்தீங்களா, ராட்டா ராண்ட்ஜனாங்கற சந்தேகம் 2 கிரே வித்தியாசம், எந்த ஆழத்துலங்கற சந்தேகம் 20 கிரே வித்தியாசம். 5000, 25 தடவைங்கற அமைப்ப பாத்தா டிடி மாதிரிதான் எனக்கு தோணுது, ஏன்னா வழக்கமான கோர்ஸ் அதுதான். ஆனா தோணறது வேற, கார்டுல அந்த ரெண்டு எழுத்து இருக்கறது வேற. ஒரு ஓரத்துல பொடியா எழுதியிருப்பாங்க, நல்ல வெளிச்சத்துல பாருங்க.

அதே மாதிரி, 5000ங்கறது போட்ட திட்டமா இல்ல முடிஞ்ச கணக்கான்னும் பாருங்க. கார்டுல கட்டம் கட்டமா தேதி, எத்தனாவது தடவை, நிமிஷம், அதுவரைக்கும் சேந்த மொத்தம்னு வரிசையா இருக்கும். கடைசி வரில என்ன மொத்தம்னு பாருங்க. நடுவுல பேதியாகி ஒரு வாரம் நிறுத்தறது, மிஷின் ரிப்பேர், தீபாவளி பொங்கல் லீவு, புயல் மழைல பஸ் ஓடாம வர முடியாம போறது, இதெல்லாம் அந்த காலத்துல சகஜம். 25ன்னு மேல எழுதிட்டு 22ல முடிஞ்ச கார்டுங்கள நான் பாத்திருக்கேன், அப்படின்னா அது 44 கிரே. தேதி விட்டுபோயிருந்தா அதுவும் டாக்டருக்கு தேவைதான், அஞ்சு வாரத்துல குடுத்த 50ம் எட்டு வாரத்துல குடுத்த 50ம் ஒண்ணு இல்ல.

இன்னொண்ணு, நீங்க எழுதல, ஆனா அநேகமா இருக்கும். இந்த நோய்க்கு வெளிலேர்ந்து வைக்கறதோட நிறுத்த மாட்டாங்க, உள்ள வைக்கறதுன்னு ஒண்ணு உண்டு, ஒரு நாளோ ரெண்டு நாளோ அசையாம படுக்க வச்சு சீசியம் குழாய கர்ப்பப்பைல வைப்பாங்க. அம்மாகிட்ட கேளுங்க, அத அனுபவிச்சவங்க மறக்க மாட்டாங்க. கார்டுல ஐசிஏன்னோ (உள்ள வைக்கறதுக்கான சுருக்கம்), பாயிண்ட் ஏன்னோ இருக்கும், அதுக்கு பக்கத்துல 3000 அந்த மாதிரி ஒரு எண்ணு. பாயிண்ட் ஏங்கறது கர்ப்பப்பை கால்வாய்லேர்ந்து ரெண்டு சென்டிமீட்டர் பக்கவாட்டுல, ரெண்டு சென்டிமீட்டர் மேல குறிச்ச ஒரு புள்ளி, 1938ல மான்செஸ்டர்க்காரங்க வச்சது, இன்னைக்கும் புழக்கத்துல இருக்கு. 3000 ராட்னா 30 கிரேதான், அதுல மாத்தம் இல்ல, ஆனா இத வெளிலேர்ந்து வச்ச 50ஓட கூட்டி 80ன்னு எழுதிடாதீங்க. ஒண்ணு தினம் 2 கிரேயா ரெண்டு நிமிஷத்துல விழுந்தது, இன்னொண்ணு மணிக்கணக்குல மெல்ல ஊறினது. இப்ப இருக்கற மிஷின்ல அதையே 7 கிரே வீதம் மூணு தடவை சில நிமிஷத்துல குடுக்கறாங்க, 21 கிரே. வழக்கமான சூத்திரத்துல ஆல்ஃபா பீட்டா விகிதம்னு ஒண்ண (தடவைக்கு விழற டோஸ் கூடினா ஒரு திசு எவ்ளோ கூட பாதிக்கும்னு காட்டற எண்ணு) போட்டு மாத்தினா அந்த 21, கட்டிக்கு தினம் 2 கிரேயா குடுத்த 30 மாதிரியும், பிற்காலத்துல பாதிக்கற நல்ல திசுக்களுக்கு 42 மாதிரியும் வேலை செய்யும். ஒரே 21, ரெண்டு பலன். இந்த கணக்க உங்க டாக்டரும் அவங்க பிசிசிஸ்ட்டும் போட்டுப்பாங்க, நீங்க போட வேணாம். ஒருவேளை ராட்டே இல்லாம மில்லிகிராம்-மணின்னு எழுதியிருந்தா அது ரேடிய காலத்து கணக்கு, எவ்ளோ ரேடியத்த எத்தனை மணி நேரம் வச்சாங்கன்னு மட்டும் சொல்றது. குழாய் எந்த நிலைல இருந்துச்சுன்னு படம் இல்லாம அத கிரேக்கு மாத்தவே முடியாது, எந்த கன்வர்ட்டர்லயும் முடியாது.

மச்சானோட மீட்டர் விஷயம் சுருக்கமா. இங்க சிப்காட்லயும் ஃபேப்ரிகேஷன் யார்டுங்கள்லயும் பைப் ஜாயிண்ட் படம் எடுக்க இரிடியம்-192 சோர்ஸ்தான் அதிகம், அவங்க பேச்சுல இன்னும் க்யூரி, மில்லி ராண்ட்ஜன்தான். க்யூரி டோஸே இல்ல, சோர்ஸுக்குள்ள நொடிக்கு எத்தனை அணு சிதையுதுங்கற கணக்கு. ஒரு க்யூரி 3700 கோடி சிதைவு, புது யூனிட்ல 37 கிகாபெக்கரல், அப்ப 40 க்யூரி சோர்ஸ்னா 1480 கிகாபெக்கரல். அடுப்பு எவ்ளோ பெருசுங்கறதுக்கும் உனக்கு எவ்ளோ சூடு பட்டுதுங்கறதுக்கும் உள்ள வித்தியாசம்தான், தூரம் தெரியாம ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு போக முடியாது. ஒரு க்யூரி இரிடியம் மறைப்பு எதுவும் இல்லாம ஒரு மீட்டர்ல மணிக்கு சுமார் 0.48 ராண்ட்ஜன் குடுக்கும், 40 க்யூரின்னா 19 சொச்சம். அவர் மீட்டர்ல மணிக்கு 2 மில்லி ராண்ட்ஜன் காட்டுதுன்னு எழுதியிருக்கீங்க, பாதுகாப்பு கணக்குக்கு அத 20 மைக்ரோசீவர்ட்னு எடுத்துக்கலாம், நிஜத்த விட கொஞ்சம் கூடதான் இருக்கும், இந்த வேலைக்கு கூட இருக்கறது நல்லதுதான். அப்படி 50 மணி நேரம் நின்னா ஒரு மில்லிசீவர்ட். அவர் வரம்பு வருஷத்துக்கு சராசரி 20 மில்லிசீவர்ட், அஞ்சு வருஷ சராசரில, எந்த ஒரு வருஷத்துலயும் 30ஐ தாண்டக் கூடாது, நம்ம நாட்டு விதி இது. அவருக்கு யாரோ சீனியர் 5 ரெம்னு சொன்னாராமே, அது 50 மில்லிசீவர்ட், பழைய காலத்து வரம்பு. 5 ரெம் 20 மில்லிசீவர்ட்டா ஆனது யூனிட் மாத்தினதால இல்லைங்க, விதியே இறுகினது, அந்த சீனியர் மாத்திக்கல. அதோட கையில இருக்கற மீட்டர விட சட்டைல குத்தற, அவர் மேல விழுந்த டோஸ சேத்து பதிவு பண்ற டிஎல்டி பேட்ஜ்தான் கணக்கு, அத பேக்ல போட்டுகிட்டு சுத்தாம நெஞ்சுல குத்த சொல்லுங்க.

அம்மா விஷயத்துக்கு திரும்பி வரேன். டாக்டர்கிட்ட போகும்போது ஒரு வெள்ளை பேப்பர்ல 50 கிரேன்னு எழுதிகிட்டு போகாதீங்க, கார்டையே கொண்டு போங்க, ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து போன்லயும் வச்சுக்குங்க, ஜெராக்ஸ்னா பென்சில்ல எழுதினது விழாது. டாக்டருக்கு நூறால வகுக்க தெரியும், அவர் கேட்டது எண்ண இல்ல, அந்த எண்ணு எங்கேர்ந்து வந்ததுங்கறத. எந்த ஆழம், எந்த கட்டம், கடைசி தேதி, உள்ள வச்சாங்களா, இந்த நாலும் ஒரிஜினல்லதான் தெரியும். கட்டத்தோட அளவு 15 பெருக்கல் 15ன்னோ 15 பெருக்கல் 18ன்னோ சென்டிமீட்டர்ல இருக்கும், புது கட்டி அந்த கட்டத்துக்கு உள்ளயா வெளியவான்னு அத வச்சுதான் பாப்பாங்க. அந்த காலத்துல இங்க சிடி ஸ்கேன் வச்சு பிளான் போடறது எல்லாம் பெரும்பாலும் இல்ல, மலக்குடலுக்கும் மூத்திரப்பைக்கும் தனித்தனியா எவ்ளோ போச்சுன்னு கார்டுல இருக்காது, எவ்ளோ நோண்டினாலும் கெடைக்காது, அது உங்க தப்போ அவங்க தப்போ இல்ல. கார்டு பின்பக்கத்துல ஒரு மனுஷ உருவம் அச்சடிச்சு அடிவயித்துல பேனாவால கட்டம் வரைஞ்சிருப்பாங்க, பச்சை குத்தின புள்ளி எங்கன்னு அம்புக்குறி போட்டிருப்பாங்க. அந்த புள்ளி அம்மா உடம்புல இன்னும் இருக்கும், கருநீலமா கடுகு சைஸ்ல, தொப்புளுக்கு கீழ நடுக்கோட்டுல ஒண்ணு, இடுப்பு பக்கம் ஒண்ணு ஒண்ணு, அத டாக்டர்கிட்ட காட்ட சொல்லுங்க.